கூடைப்பந்து அரங்கம் அதிர வேண்டுமா? முதலில் ஸ்பீக்கரைக் குறையுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. டிக்கெட் எல்லாம் விற்றிருக்கும், தலைக்கு மேலே பெரிய ஸ்கோர்போர்டு மின்னும், பாட்டு காதைக் கிழிக்கும். ஆனால் பாட்டு நின்று ஆட்டம் தொடங்கியதும் பந்து தரையில் தட்டும் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்கும். உடனே விளையாட்டுத் துறையில் கூட்டம் போடுவார்கள். இன்னும் பெரிய திரை வாங்கலாம் என்பார் ஒருவர், டி-ஷர்ட் சுடும் பீரங்கி இன்னும் இரண்டு வாங்கலாம் என்பார் இன்னொருவர், டிஜேயை மாற்றலாம் என்பார் மூன்றாமவர். பணம் போகும், சத்தம் வராது.

ஏன் வராது என்றால், ஆட்டத்தின்போது சத்தம் போட வேண்டியது கருவி இல்லை, ஆள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பேண்டு வாசிக்கக் கூடாது, ஸ்பீக்கரில் பாட்டு போடக் கூடாது, ஊதுகுழல் மாதிரியான செயற்கைச் சத்தக் கருவிகளுக்கும் அனுமதி இல்லை. மிச்சம் இருப்பது தொண்டை, கை, கால் மூன்றும்தான். அப்படியானால் உங்கள் வேலையும் தெளிவாகிவிடுகிறது: கத்தக்கூடிய ஆட்களைக் கத்த வசதியான இடத்தில் நிறுத்துவது, அவர்கள் கத்தத் தொடங்கியதும் குறுக்கே வராமல் இருப்பது. இதில் முதல் பாதி எல்லோருக்கும் தெரியும், செய்வதுதான் கஷ்டம். இரண்டாவது பாதி செலவே இல்லாதது, ஆனால் அதை யாரும் யோசிப்பதில்லை.

யார் எங்கே நிற்கிறார்கள்

டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் இன்டோர் ஸ்டேடியம் 1940-இல் திறந்த கட்டடம். 9,314 பேர்தான் கொள்ளும், பெரிய திட்டத்தோடு கட்டப்பட்ட நவீன அரங்கங்களின் முன்னால் அளவில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆடுகளத்தின் பக்கவாட்டில் கீழ் வரிசைகள் மாணவர்களுடையவை. ஆட்டம் முழுக்க உட்காரவே மாட்டார்கள். பக்கக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போட வரும் எதிரணி ஆட்டக்காரருக்கு ஐந்து விநாடிதான் நேரம், அந்த ஐந்து விநாடியும் அவர் முதுகுக்குப் பின்னால் நீலச் சாயம் பூசிய கைகள் விரலை நெளித்துக்கொண்டு நீண்டிருக்கும். மேலே படாது, அவ்வளவுதான் தூரம்.

அங்கிருந்து சுமார் 10 மைல் தள்ளி வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் சென்டர் இருக்கிறது. 1986-இல் திறந்தது, 21,000-க்கு மேல் இருக்கைகள். கட்டுவதற்குப் பணம் கொடுத்த நன்கொடையாளர்களுக்கு ஆடுகளத்துக்கு அருகே இருந்த நல்ல இடங்கள் போய்விட்டன. 1990-களின் தொடக்கத்தில் புளோரிடா ஸ்டேட் அணியோடு அங்கே ஆடி ஜெயித்த சாம் கசெல், இது ஒயினும் சீஸும் சாப்பிட வந்த கூட்டம் மாதிரி இருக்கிறது என்று சொன்னது அந்த அரங்கத்தோடு பல வருடம் ஒட்டிக்கொண்டது. ஒரே மாநிலம், ஒரே மாதிரி வெறி பிடித்த ரசிகர்கள், இரண்டு அணிகளும் தேசிய சாம்பியன்கள். வித்தியாசம் யாருக்கு எந்த நாற்காலி என்பதில்தான். பிறகு கூடைக்குப் பின்னால் தரையோடு ஒட்டி மாணவர்களுக்கு இடம் ஒதுக்கியதும் நிலைமை மாறத் தொடங்கியது.

ஆக, மாணவர்களைக் கீழே இறக்குங்கள். ஆனால் எப்படி இறக்குகிறீர்கள் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பல அரங்கங்கள் கோட்டை விடுவது இங்கேதான். முதல் நான்கு வரிசையை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தாவது வரிசையிலிருந்து முப்பது வருடமாகச் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களை உட்கார வைத்தால் என்ன ஆகும்? மாணவர்கள் எழுந்து நிற்பார்கள், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், அவர் தோளைத் தட்டி "கொஞ்சம் உட்காருப்பா" என்பார். அந்த ஒரு வார்த்தையோடு அந்த மூலை செத்துவிடும். உட்கார்ந்துகொண்டு யாரும் கத்துவதில்லை. அதனால் மாணவர் பகுதியை அகலமாக, மெல்லிய பட்டையாக வெட்டாதீர்கள். தரையில் தொடங்கி மேலே கடைசி வரிசை வரைக்கும் ஒரே செங்குத்தான துண்டாகக் கொடுங்கள். அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க விரும்பும் ஒருவர்கூட இருக்கக் கூடாது.

எந்தத் துண்டு? இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, இரண்டாவது பாதியில் எதிரணி எந்தக் கூடையில் பந்து போடுமோ அதற்கு நேர் பின்னால். ஆட்டத்தைத் தீர்மானிக்கும் ஃப்ரீ த்ரோக்கள், அதாவது ஃபவுலுக்குப் பின் யாரும் தடுக்காமல் போடும் பந்துகள், அங்கேதான் விழும். இன்னொன்று, தொலைக்காட்சியின் முதன்மைக் கேமராவுக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே பாதி நாற்காலி காலியாக இருந்தால் வீட்டில் பார்க்கும் லட்சம் பேருக்கும், அடுத்த வருடம் எங்கே சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் பள்ளி ஆட்டக்காரர்களுக்கும் தெரிவது அந்தக் காலி நாற்காலிதான், கேமராவுக்குப் பின்னால் எத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தினாலும் சரி.

நன்கொடையாளர்கள் விடுவார்களா? ஒரேயடியாகக் கேட்டால் விடமாட்டார்கள், அவர்கள் பணத்தில்தான் பாதித் துறை ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். படிப்படியாகப் போங்கள். யாராவது டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட்டால் அந்த இடம் மறுபடி விற்பனைக்குப் போகாமல் மாணவர் கணக்கில் சேரட்டும். அப்புறம், முதல் மீடியா டைம்அவுட் (ஒளிபரப்பு விளம்பரத்துக்கான இடைவேளை) வரைக்கும் ஆள் வராத கீழ் வரிசை இருக்கைகளில் மாணவர்கள் வந்து உட்காரலாம், உரியவர் வந்தால் எழுந்துவிட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். இதற்கு வரும் எதிர்ப்பு நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது, ஏனென்றால் ஆட்டத்துக்கே வராதவருக்குப் புகார் சொல்ல முகம் இருக்காது. இடம் மாறச் சம்மதிப்பவர்களுக்கு நடுக்கோட்டுக்கு நேராகக் கொஞ்சம் உயரத்தில், ஆட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடம் கொடுத்தால் பல பேருக்கு அதுவே பிடித்துப்போகும். தரையோடு இருக்கும் இருக்கையிலிருந்து ஆட்டம் அவ்வளவு நன்றாகத் தெரியாது என்பது அங்கே உட்கார்ந்தவர்களுக்கே தெரிந்த ரகசியம்.

கட்டடத்தையும் கொஞ்சம் பாருங்கள். பர்டூ பல்கலைக்கழகத்தின் மேக்கி அரங்கத்தில் வட்டமான குவிமாடக் கூரை சத்தத்தைத் திருப்பிக் கீழே அனுப்பும். நியூ மெக்சிகோவின் 'தி பிட்' அரங்கத்தில் ஆடுகளம் தரைமட்டத்துக்கு 37 அடி கீழே தோண்டிய குழியில் இருக்கிறது. இதையெல்லாம் நீங்கள் புதிதாகக் கட்ட முடியாது, சரி. ஆனால் கூட்டம் குறைவான நாளில் மேல் அடுக்கைத் திரை போட்டு மூடி, எல்லோரையும் கீழே கொண்டுவர முடியும். கொன்சாகாவின் மெக்கார்த்தி அரங்கத்தில் 6,000 இருக்கைதான், ஆனால் அங்கே ஆடப் பெரிய அணிகளே யோசிக்கும். அதே 6,000 பேரைப் பதினைந்தாயிரம் கொள்ளும் அரங்கத்தில் சிதற விட்டால் அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கவே மாட்டார்கள். பக்கத்து ஆள் கத்துவது காதில் விழுந்தால்தான் நமக்கும் வாய் திறக்கும். நகரத்தில் என்பிஏ தொழில்முறை அணிகள் ஆடும் அரங்கத்தை வாடகைக்கு எடுக்கும் பல்கலைக்கழகங்கள் இதைத்தான் மறந்துவிடுகின்றன. நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் மாதிரி பெரிய ஆட்டங்களை மேடிசன் ஸ்கொயர் கார்டனிலும் மற்றதை வளாகத்துக்குள் இருக்கும் சின்ன அரங்கத்திலும் பிரித்து வைப்பது நல்ல யோசனை.

சீக்கிரம் வரவழைப்பது

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வரும் கூட்டம் கடைசி வரைக்கும் சூடேறாது. மாணவர் டிக்கெட்டில் இருக்கை எண் போடாதீர்கள். முதலில் வந்தவருக்கு முதல் வரிசை. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி மாணவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடுவார்கள்.

வரிசையில் நிற்பதே ஒரு நிகழ்ச்சியாக மாறினால் இன்னும் நல்லது. டியூக்கில் வட கரோலினா ஆட்டத்துக்கு முன் மாணவர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் பழக்கம் 1986-இல் தொடங்கியது, இன்றைக்கு அந்தப் புல்வெளிக்கு அப்போதைய பயிற்சியாளர் பெயரில் கிஷெவ்ஸ்கிவில் என்றே பெயர். கூடாரத்தில் ஆள் இருக்கிறதா என்று நடு ராத்திரியில் எழுப்பிக் கணக்கெடுப்பது யார் தெரியுமா? நிர்வாகம் இல்லை, வரிசைக் கண்காணிப்பாளர்கள் என்ற மாணவர்களே. இதை அப்படியே நகலெடுக்க வேண்டாம், டியூக்குக்கு இருப்பது போன்ற எதிரி இல்லாத இடத்தில் கூடாரம் போடச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வரிசையின் விதிகளை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள் என்ற பாடம் எங்கேயும் பொருந்தும். நீங்கள் செய்ய வேண்டியது கதவைச் சொன்ன நேரத்தில் திறப்பது, குளிரில் நிற்பவர்களுக்குச் சூடாக ஏதாவது கொடுப்பது. முடிந்தால் பயிற்சியாளரையே ஒருமுறை அந்த வரிசைக்கு அனுப்புங்கள். பயிற்சியாளர் கையால் ஒரு பீட்சா துண்டு வாங்கிய மாணவன் அந்தச் சீசன் முழுக்க வருவான்.

பெரிய தலைவலி டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரைக்குமான விடுமுறை. மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆட்டங்கள் மட்டும் நடக்கும். அந்த நாட்களில் மாணவர் பகுதியைக் காலியாக வைத்துக்கொண்டு அழாதீர்கள். சுற்றுவட்டாரப் பள்ளி அணிகளை, பள்ளி பேண்டுகளைக் கூப்பிட்டு அங்கேயே நிறுத்துங்கள். பெண்கள் அணிகள் பல இடங்களில் வேலை நாள் காலையில் பள்ளிக்கூடங்களைச் சுற்றுலாவாக வரவழைத்து ஆட்டம் நடத்துகின்றன, அதற்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பத்து வயதுப் பிள்ளைகள் கீச்சென்று கத்தும்போது எந்தக் கல்லூரி மாணவர் கூட்டமும் கிட்டே நிற்க முடியாது, அதுவும் ஸ்கோர் என்னவென்றே தெரியாமல் நாற்பது நிமிடமும் கத்துவார்கள். விடுமுறையில் தங்கி வாசிக்கும் பேண்டு மாணவர்களுக்குச் சாப்பாட்டுப் படி கொடுங்கள். பேண்டு இல்லாத கல்லூரி ஆட்டம் பயிற்சி ஆட்டம் மாதிரிதான் இருக்கும்.

ஒலிப்பெருக்கிக்காரர் கையைக் கட்டுங்கள்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். உங்கள் அணி ஆறு புள்ளி பின்தங்கியிருக்கிறது. ஒரு மூன்று புள்ளி விழுகிறது. அடுத்ததாக எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து ஓடிப்போய், எகிறிக் கூடைக்குள் திணிக்கும் ஒரு டங்க். கூட்டம் எழுந்துவிட்டது. எதிரணிப் பயிற்சியாளர் வேறு வழியில்லாமல் டைம்அவுட் கேட்கிறார். உங்கள் ஆட்டக்காரர்கள் மாணவர் பகுதியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே பெஞ்சுக்கு வருகிறார்கள். மொத்த இரவிலும் அரங்கம் இதைவிடச் சூடாக இருக்கப்போவதில்லை. சரியாக அந்த விநாடியில் ஸ்பீக்கரில் ஒரு குரல்: "இன்றைய அதிர்ஷ்டசாலி ரசிகரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் இது, வழங்குபவர்கள்..." யாரோ ஒரு கார் விற்பனைக் கடை. பத்து விநாடியில் எல்லோரும் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

இதைத் தடுக்க ஒரு பைசா செலவில்லை. ஆண்கள் ஆட்டத்தில் 20 நிமிடப் பாதி இரண்டு. ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடத்துக்குக் கீழே முதன்முதலாக ஆட்டம் நிற்கும்போது மீடியா டைம்அவுட் வரும். பெண்கள் ஆட்டம் 2015–16 சீசனிலிருந்து பத்து நிமிடக் கால் பகுதிகள் நான்காக நடக்கிறது, அதற்கேற்ற இடைவேளைகள் உண்டு. விளம்பரம், போட்டி, பரிசு, நன்றி அறிவிப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்த இந்த இடைவேளைகளுக்குள் தள்ளுங்கள். எதிரணி பயந்துபோய்க் கேட்கும் டைம்அவுட்டை யாருக்கும் விற்காதீர்கள். விளம்பர ஒப்பந்தம் எழுதும்போதே இதை ஒரு வரியாகப் போட்டுவிட்டால் பின்னால் சண்டை வராது.

அந்த டைம்அவுட்டில் என்ன செய்வது? முதல் இருபது விநாடி ஒன்றும் செய்யாதீர்கள். மைக் அணைந்திருக்கட்டும், திரையில் அந்த டங்க்கை மறுபடி காட்டுங்கள், போதும். கத்துகிற கூட்டம் தன் சத்தத்தைத் தானே கேட்கட்டும். இரைச்சல் கொஞ்சம் தளரும்போது பேண்டு பிடித்துக்கொள்ளட்டும், அதுவும் பதிவுசெய்த பாட்டு இல்லை, பேண்டு. எந்த நொடியில் வாசிக்கத் தொடங்க வேண்டும் என்பதை பேண்டு இயக்குநர் கண்ணால் பார்த்து முடிவெடுப்பார், பட்டியலில் இருக்கும் பாட்டுக்குக் கண் இல்லை. இதற்காக அவர் காதில் ஒரு ஹெட்செட் மாட்டி, நிகழ்ச்சியை நடத்துபவரோடு பேச வைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் அளவுக்கும் இதே கதைதான். பக்கத்து ஆளோடு பேச முடியாத அளவுக்குப் பாட்டு போட்டால் சத்தம் நிறைந்த அரங்கம் மாதிரி தோன்றும், உண்மையில் பார்வையாளர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். பாட்டு நின்றதும் விழும் அமைதி அதனால் இன்னும் பெரிதாகக் கேட்கும். "சத்தம் போடுங்கள்" என்று திரையில் ஒவ்வொரு முறையும் எழுதுவதும் வேண்டாம், ஆட்டத்துக்கு நாலைந்து தடவை போதும், உண்மையிலேயே ஒரு தடுப்பாட்டம் தேவைப்படும் நேரத்தில் மட்டும். அப்புறம் அந்தச் சத்தமானி அனிமேஷன்! யாரும் கத்தாவிட்டாலும் ஊசி சிவப்புக்குப் போகும் அந்தப் படத்தை ரசிகர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள், தூக்கிப் போடுங்கள். நிஜ மானி வைத்து உலக சாதனை செய்வது வேறு கதை. 2017 ஜனவரியில் கென்டக்கி ரசிகர்கள் ரப் அரங்கத்தில் 126.4 டெசிபல் தொட்டுக் கின்னஸில் இடம்பிடித்தார்கள், ஆனால் அன்றைய ஆட்டத்தைக் கான்சஸிடம் தோற்றார்கள். அடுத்த மாதம் 13-ஆம் தேதி அதே கான்சஸ் தன் ஆலன் ஃபீல்டுஹவுஸில் 130.4 தொட்டது. அன்றைக்கு மூன்று நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் 14 புள்ளி பின்தங்கியிருந்தும், வெஸ்ட் வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள்.

கூட்டத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்

"உற்சாகமாக இருங்கள்" என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "எதிரணி வீரர்களை அறிமுகம் செய்யும்போது செய்தித்தாளை விரித்துப் படிப்பது போல நடியுங்கள்" என்றால் எல்லோருக்கும் தெரியும். கான்சஸ் மாணவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், அப்புறம் தங்கள் அணி வரும்போது அதே தாளைக் கிழித்து மேலே வீசுகிறார்கள். சிரக்யூஸில் சொந்த அணி முதல் புள்ளி எடுக்கும் வரைக்கும் எல்லோரும் நின்று கைதட்ட வேண்டும், அணி தடுமாறினால் கை வலிக்கும். அர்கன்சாவின் ஜான் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு ஒரு ஆட்டத்தில் முதல் கூடை விழுந்ததும் ஆயிரக்கணக்கான கழிவறைத்தாள் உருளைகள் பறந்து வந்து ஆடுகளத்தை மூடும். இதற்குத் தங்கள் அணிக்கு டெக்னிக்கல் ஃபவுல் என்ற தண்டனை கொடுப்பார்கள் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இண்டியானாவின் டெய்லர் பல்கலைக்கழகம். டிசம்பர் தேர்வுகளுக்கு முன்னால் வரும் ஆட்டத்தில் விதவிதமான வேஷம் போட்டுக்கொண்டு வந்து, தங்கள் அணி பத்தாவது புள்ளி எடுக்கும் வரை ஒருவரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார்கள். காலணி தரையில் உரசும் சத்தமும் பயிற்சியாளர் முணுமுணுப்பதும் மட்டும் கேட்கும். எட்டுப் புள்ளியில் எல்லோரும் நுனி நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். பத்தாவது விழுந்ததும் வெடிக்கும் பாருங்கள், அது சின்னக் கல்லூரி என்று யாரும் நம்பமாட்டார்கள். இதற்கு ஆன செலவு வேஷத் துணிக்கு மட்டும்தான், அதுவும் மாணவர்களுடையது.

இந்தச் சடங்குகளை விளம்பரப் பிரிவு உட்கார்ந்து கண்டுபிடித்தால் ஒட்டாது. கான்சஸில் தொங்கும் "ஃபாக் இருக்கிறார், ஜாக்கிரதை" என்ற பொருள் தரும் பெயர்போன பதாகை, முதலில் 1988-இல் மாணவர்கள் விடுதிக் குளியலறைத் திரைகளைப் பிய்த்து எழுதியது. பழைய பயிற்சியாளர் ஃபாக் ஆலன் பெயரை வைத்துச் செய்த வேடிக்கை. அதை முதன்முதலாகத் தொங்கவிட்ட டியூக் ஆட்டத்தில் கான்சஸ் தோற்றுவிட்டது, ஆனால் அந்த வருடமே தேசியப் பட்டம் வென்றது, பதாகையும் நிலைத்துவிட்டது. நிர்வாகம் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதைக் கழற்றாமல் விட்டதுதான். அரிசோனா ஸ்டேட் மாணவர்களின் திரைச்சீலையும் அப்படித்தான். எதிரணி ஆட்டக்காரர் ஃப்ரீ த்ரோ போடக் கையைத் தூக்கும் நேரம் பார்த்து, கூடைக்குப் பின்னால் கறுப்புத் திரை விலகும், உள்ளே ஏதாவது பைத்தியக்காரத்தனம் நடந்துகொண்டிருக்கும். 2016 ஜனவரியில் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து நீச்சல் உடையும் பதக்கங்களுமாக மைக்கேல் ஃபெல்ப்ஸே வந்து நின்றார். இதில் வெற்றிக்குக் காரணம் திரை விலகும் நேரம். ஆட்டம் முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு நல்ல ஆட்டக்காரர் இரண்டாவது நிமிடத்தில் பழகிவிடுவார். எல்லோரும் அசையாமல் இருந்து, பந்து கையை விட்டுப் போகும் கணத்தில் ஒரே திசையில் சாய்ந்தால்தான் கண் தடுமாறும்.

இன்னொரு பழைய தந்திரம் ஷாட் கிளாக், அதாவது கூடையில் பந்து போட அணிக்கு மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரம். எதிரணியிடம் பந்து, கடிகாரத்தில் இன்னும் பதினாலு விநாடி இருக்கிறது. மாணவர்கள் ஒரே குரலில் "ஐந்து, நான்கு, மூன்று" என்று எண்ணத் தொடங்க வேண்டும். அனுபவசாலி திரும்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். முதல் வருடப் பையன் பதறி எங்கிருந்தோ தூக்கி எறிவான். ஒரு இரவில் ஒருமுறைதான் பலிக்கும், அதனால் எப்போது என்பதை ஒருவர் முடிவெடுக்க வேண்டும்.

அந்த ஒருவர்தான் விஷயம். நாலைந்து மாணவத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்துப் பகுதியின் வெவ்வேறு உயரத்தில் நிறுத்துங்கள், எல்லோரும் முன்வரிசையில் நின்றால் பத்தாவது வரிசைக்குப் பின்னால் எதுவும் போகாது. கோஷம் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போகக் கூடாது. எதிரணிப் பெயர்ப் பட்டியல், யாரைக் கிண்டல் செய்யலாம், எந்தக் கோஷம் எப்போது என்று ஒரு பக்கத் தாள் அச்சிட்டு இருக்கைகளில் வையுங்கள். சொந்த அணி ஃப்ரீ த்ரோ போடும்போது அமைதி காக்க வேண்டும் என்பதையும் அதில் பெரிய எழுத்தில் போடுங்கள், புதிதாக வரும் மாணவர்களில் பல பேருக்கு அது தெரிவதில்லை. கூட்டம் எப்போதும் சத்தம் போட வேண்டியது எதிரணி கையில் பந்து இருக்கும்போதுதான்.

வீரர் அறிமுகத்துக்கு விளக்கை அணைப்பது பற்றிக் கேட்பார்கள். எல்இடி விளக்கு இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் அணைத்தால் மறுபடி முழு வெளிச்சம் வரப் பல நிமிடம் ஆகும், அந்த இடைவெளியில் எல்லாச் சூடும் ஆறிப்போகும். இரண்டு பாதிக்கும் நடுவே வரும் இடைவேளைக்குப் பெரிய கலைஞர் கிடைத்தால் நல்லது, ரெட் பாண்டா என்ற சாகசக் கலைஞர் ஒற்றைச் சக்கர வண்டியில் இருந்துகொண்டு கிண்ணத்தைத் தலைக்கு எறியும்போது யாரும் எழுந்து போவதில்லை. கிடைக்காவிட்டால் சின்னப் பிள்ளைகளை ஐந்து நிமிடம் ஆட விடுங்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்களாவது கத்துவார்கள். உணவு வரிசை நீளமாக இருந்தால் இரண்டாவது பாதியின் முதல் நான்கு நிமிடம் கீழ் அடுக்கு காலியாகக் கிடக்கும், அதையும் கவனியுங்கள்.

பெண்கள் ஆட்டத்துக்கு ஆண்கள் ஆட்டத்தின் திட்டத்தை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் ஆடிய 2023–24 சீசனில் அயோவாவின் கார்வர்-ஹாக்கை அரங்கம் சீசன் முழுக்க விற்றுத் தீர்ந்தது. அந்தச் சத்தத்தில் பெரும் பங்கு குடும்பங்களுடையது, பின்னலில் ரிப்பன் கட்டிய சிறுமிகளுடையது. அந்தக் கூட்டத்துக்கு எதிரணியைக் கேலி செய்யும் கோஷம் வேலைக்காகாது, ஆட்டம் முடிந்து வீராங்கனைகள் கையெழுத்துப் போட வருவார்கள் என்பதுதான் வேலை செய்யும்.

எல்லை

எதிரணி ஆட்டக்காரரின் குடும்பம், இனம், உடல், அவருக்கு நடந்த துயரம் எதுவும் கோஷத்தில் வரக் கூடாது. அவர் போன வாரம் தவறவிட்ட ஃப்ரீ த்ரோ வரலாம். மாணவத் தலைவர்கள் இதை முன்னாலேயே ஏற்றுக்கொண்டால் அவர்களே மற்றவர்களை அடக்குவார்கள், காவலாளி வந்து அடக்கினால் அது வேறு மாதிரி போய் முடியும். 2014-இல் டெக்சாஸ் டெக் அரங்கத்தில் ஓக்லஹோமா ஸ்டேட்டின் மார்க்கஸ் ஸ்மார்ட் ஒரு ரசிகரைத் தள்ளிவிட்டு மூன்று ஆட்டம் தடை வாங்கினார். அந்த ரசிகர் மாணவர்கூட இல்லை, நடுத்தர வயதுக்காரர். அதனால் எச்சரிக்கை மாணவர் பகுதிக்கு மட்டும் போதாது.

ஜெயித்ததும் ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் பாய்வதற்கும் முன்கூட்டியே திட்டம் வேண்டும், "நம்ம பிள்ளைகள் அப்படிச் செய்யமாட்டார்கள்" என்பது திட்டம் இல்லை. 2024 பிப்ரவரியில் வேக் ஃபாரஸ்ட் ஜெயித்ததும் மாணவர்கள் உள்ளே பாய்ந்தபோது டியூக்கின் கைல் ஃபிலிபாவ்ஸ்கி முட்டி அடிபட்டு நொண்டிக்கொண்டே வெளியே போனார். அதற்கு ஒரு மாதம் முன்னால் ஒஹாயோ ஸ்டேட்டில் கெய்ட்லின் கிளார்க் மேல் ஒரு ரசிகை மோதிக் கீழே தள்ளினார். எஸ்இசி என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு 2023-இல் முதல் தடவைக்கே ஒரு லட்சம் டாலர் அபராதம் என்று வைத்தது. பெரிய எதிரி வரும் நாளில் கடைசி நான்கு நிமிடத்தில் என்ன செய்வது என்று எழுதி வையுங்கள்: எதிரணி வெளியேறும் வழி மாணவர் பகுதிக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும், மணி அடித்ததும் காவலர்கள் முதலில் போக வேண்டியது எதிரணி பெஞ்சுக்கு, மாணவத் தலைவர்கள் கூட்டத்தை முன்வரிசையிலேயே நிறுத்திப் பள்ளிப் பாட்டைப் பாட வைக்கட்டும், எதிரணி சுரங்கவழிக்குள் போனதும் நீங்களே கயிற்றைத் திறந்துவிடலாம்.

பணமும் ஆளும் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். இந்த வாரமே டைம்அவுட் பட்டியலையும் ஸ்பீக்கர் அளவையும் சரிசெய்யுங்கள். அடுத்த மாதம் மாணவத் தலைவர்கள், ஒரு பக்கத் தாள், எண் இல்லாத டிக்கெட். சீசன் முடிந்து டிக்கெட் புதுப்பிக்கும் நேரத்தில் இருக்கை மாற்றத்தைப் பேசுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் பேண்டு இயக்குநர், இரண்டு மாணவத் தலைவர்கள், ஒலிப்பெருக்கிக்காரர் எல்லோரையும் கூட்டி ஆட்டத்தின் பதிவை ஓட விடுங்கள், திரையைப் பார்க்க வேண்டாம், சத்தத்தை மட்டும் கேளுங்கள். கூட்டம் ஏறும்போது யார் குறுக்கே வந்தது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், பெரும்பாலும் அது உங்கள் மைக்காகத்தான் இருக்கும்.